பக்கத்து சீட்டுப் பாவாயி அக்கா

பாவாயி அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் வழக்கம்போலத் தனியாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். "சொல்லுங்கக்கா" என்றேன். பேசியது ஓர் ஆண்.

"நான் பாவாயி ஊட்டுக்காரன் பேசறேனுங்க. அவ தவறிட்டாளுங்க. நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நேத்தே எடுத்துட்டோமுங்க. அவ போன்ல இருக்கறவங்களுக்கெல்லாம் தகவல் சொல்லிட்டிருக்கேன். உங்க பேரு மட்டும் 'பக்கத்து சீட்டு'ன்னு போட்டிருக்குது. நீங்க ஆருங்க?"

வாயில் சோறு இருந்தது. "அக்காகூடப் படிச்சேனுங்க" என்று ஒருவழியாகச் சொன்னேன். அவர், "அந்தச் சனிக்கிழமைப் புள்ளையா?" என்றார். ஆமாம், அந்தப் பிள்ளைதான்.

சனிக்கிழமை வகுப்பில் எங்களோடு படித்தவர்களே, உங்களில் பலருக்கு என்னை நினைவிருக்காது. கடைசி வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிற அம்மாவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

ப்ளஸ் ஒன் படிக்கும்போதே சேலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் வார இறுதிப் புள்ளியியல் வகுப்பில் சேர்ந்தேன். பள்ளி மாணவர்களும் சேரலாம், எந்த வயதுக்காரர்களும் சேரலாம் என்று அறிவித்திருந்தார்கள். பள்ளியிலிருந்து வந்தது நான் ஒருத்திதான். அன்றிலிருந்து பள்ளியில் "காலேஜ் மேடம் வந்துட்டாங்கடி" என்று கேலி. பல்கலைக்கழகத்திலோ, "பாப்பா, யாரைத் தேடுற?" என்ற கேள்வி. இரண்டு இடத்திலும் நான் விருந்தாளி. இரண்டு இடத்திலும் பேச ஆள் இல்லை.

முதல் சனிக்கிழமை பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து, கொண்டப்பநாயக்கன்பட்டியில் பஸ் பிடித்து, தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். அரங்கம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு கை ஆடியது. பக்கத்து இருக்கையில் விரித்திருந்த ஈரிழைத் துண்டை இழுத்துக்கொண்டு, "இங்க வா அம்மிணி" என்றார் ஓர் அம்மா. அவர்தான் பாவாயி அக்கா.

"யாருக்குங்க பிடிச்சு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"அது எனக்கென்ன தெரியும்? லேட்டா வாரவங்களுக்குத்தான்."

இரண்டு வருடம் அந்த இடம் எனக்கு இருந்தது. பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி பல்கலைக்கழகத்திலுமா என்று பையன்கள் சிரிப்பார்கள். "சிரிங்க சாமி, காசா பணமா" என்பார்.

அக்கா திருச்செங்கோட்டுப் பக்கம். கணவர் ரிக் வண்டியோடு போர்வெல் போட வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். மகன் வேலைக்கு வெளிநாடு போய்விட்டான். "ஊட்டுல டிவியும் நானும். எத்தன நாளைக்கு அதுகூடவே பேசறது சொல்லு?" படிப்பு அவருக்கு ஏறியது என்று பொய் சொல்ல மாட்டேன். மதியத்துக்குமேல் நன்றாகத் தூங்குவார். நிகழ்தகவுத் தாளில் அவர் தோற்றபோது நான்தான் கண் கலங்கினேன். அவர் வீட்டில் சுட்ட இனிப்புக் கச்சாய டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "போச்சாது போ. பஸ்ஸேறி வாரதுக்கு எனக்கொரு சாக்கு வேணுமில்ல?"

பிறகு விண்ணப்பக் காலம் வந்தது. வடக்கே நான் இப்போது படிக்கிற இந்தக் கல்லூரியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பள்ளியிலிருந்தபடியே பல்கலைக்கழகப் பாடம் படித்தவள், அள்ளிக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் கேட்டதோ வேறு. உன்னை நன்றாக அறிந்த ஓர் ஆசிரியர் வேண்டும், உன்னோடு படித்த ஒருவர் வேண்டும். அவர்களிடம் நாங்கள் பேசுவோம் என்றார்கள்.

பள்ளியில் வகுப்பாசிரியை, "நீதான் பெரிய எடத்துல படிக்கிறியே, அங்கேயே கேளு" என்றார். பல்கலைக்கழகப் பேராசிரியர் நல்ல மனிதர்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்து, "நீ எந்த பேட்ச்மா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கை நிறைய மதிப்பெண் இருந்தது. என்னைத் தெரிந்த ஒருவர் இல்லை.

அக்காவிடம் சொன்னதுதான் தாமதம், வகுப்பு நடுவிலேயே எழுந்துவிட்டார். "ஏனுங்க சார், ரெண்டு வருசமா என்ற பக்கத்துல உக்காந்து நீங்க சொல்றதுக்கு முன்னாடியே விடை சொல்ற புள்ளைங்க இது. எனக்கு மட்டுந்தான் கேக்கும். இன்னிக்கு நீங்களும் கேளுங்க." எனக்கு மானமே போயிற்று. பேராசிரியர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். அதற்குப்பின் என்னைத் தேடிப் பிடித்துக் கணக்குகளைப் போடச் சொல்லி வேலை வாங்கினார். ஆசிரியர் கிடைத்தார்.

கூடப் படித்தவர் என்று பாவாயி அக்காவின் பெயரைத்தான் கொடுத்தேன். வேறு யார் இருந்தார்கள்? கல்லூரியிலிருந்து தமிழ் தெரிந்த ஓர் அம்மையார் போனில் பேசினார். பக்கத்திலேயே நின்றிருந்தேன். இந்தப் பெண்ணிடம் என்ன குறை என்று கேட்டார்.

"ஆரும் பேசலீன்னா இவளும் பேச மாட்டாளுங்க. பேச உட்டா நிறுத்த மாட்டா. நானொண்ணு கேக்கறேன். உங்க காலேஜுல ஆராச்சும் இவகிட்ட மொதல்ல பேசுவாங்களா? அதச் சொல்லுங்க, அப்புறம் அனுப்பறதப் பத்தி யோசிக்கறோம்."

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். போனில் அந்த அம்மையார் சிரித்தது மட்டும் கேட்டது. இடம் கிடைத்தது.

கிளம்பும்போது ரயிலடிக்கு வந்து துண்டைக் கையில் திணித்தார். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் போன்.

"ஆராச்சும் பேசுனாங்களா?"

"இன்னும் இல்லீங்கக்கா."

"துண்டு போட்டியா?"

"வெக்கமா இருக்குதுங்கக்கா."

"வெக்கத்த வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற, ஊறுகாயா போடுவ?"

துண்டு பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது. நேற்று அந்த அழைப்புக்குப்பின் எடுத்தேன். இன்று காலை சீக்கிரமே வகுப்புக்குப் போய்ப் பக்கத்து இருக்கையில் விரித்தேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பு தொடங்கியபின் ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள். யாருக்குப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். எங்கள் அக்காவுக்கு என்றுதான் வாய்வரை வந்தது.

"லேட்டாக வருகிறவர்களுக்கு" என்று சொல்லித் துண்டை எடுத்துக்கொண்டேன்.

உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்துகொண்டாள். இந்தச் சனிக்கிழமை போன் வராது. அக்காவிடமிருந்து எனக்கு இருப்பது இந்த ஈரிழைத் துண்டு ஒன்றுதான். அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, என் பெயரை நானே முதலில் சொன்னேன்.