குடிக்கக் கூடாத ஒயில்

கிளச் இல்லாத கார் வைத்திருந்தவன் என்று எங்கள் பகுதியில் என்னைத்தான் சொல்வார்கள். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. மனைவியின் தமையன் கனடாவுக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன கார் அது. கியரைத் தானே மாற்றும். வேறு எதையும் தானே செய்யாது. சண்டையால் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராத காலம். மற்றக் கார்களைப் போல அதுவும் ஒரு துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி, பிறகு மண்ணெண்ணெயைக் குடித்துப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது.

அந்த நேரம் தங்கைக்குக் கலியாணம் சரிவந்தது. எங்கள் வீடு சுன்னாகத்தில், தாலி கட்டும் கோயில் இணுவிலில். அப்போது மணப்பெண்கள் லான்ட்மாஸ்டருக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் ஏறித்தான் கோயிலுக்குப் போனார்கள். உழவு இயந்திரமானாலும் அது ஒழுங்காகப் போய்ச் சேரும். என் தங்கை மட்டும் மாட்டேன் என்றாள்.

"வெங்காயம் ஏத்திற பெட்டியிலை நான் ஏறமாட்டன். கார் வராட்டில் நானும் வரமாட்டன். தாலியை அவரே தன்ரை கழுத்திலை கட்டட்டும்."

சொன்னால் செய்வாள். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது கார் மக்கர் பண்ணியது. எஞ்சின் அலறும், கார் நகராது. நாலு வீடு தள்ளி இருந்த கராஜ்காரரைக் கூட்டி வந்தேன். என்னிலும் பத்து வயது மூத்தவர், வாய் அதைவிட மூப்பு. முன்மூடியைத் திறந்து ஒரு அளவுக்கம்பியை இழுத்தார். நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மணந்து பார்த்துவிட்டு என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார். சோறு அடிப்பிடித்த மணம்.

"கியர்ப்பெட்டி ஒயில், தம்பி. சிவப்பா இருக்க வேணும். உது தார். எப்ப மாத்தினது?"

"அதை மாத்த வேணுமோ?"

"பின்னை?"

"ஓட்டோமற்றிக் எண்டால் எல்லாம் தானே நடக்கும் எண்டு நினைச்சன், அண்ணை."

"ஓம், கலியாணமும் தானே நடக்கும். நீ போய்ப் படு."

கொழும்பிலிருந்து வந்த மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி அந்தச் சிவப்பு ஒயிலில் ஐந்து போத்தல் கொண்டுவந்தான். ஒயிலென்றால் வழியில் பறிப்பார்கள் என்று சர்பத் போத்தல்களில் ஊற்றியிருந்தான். பார்த்தால் அசல் சர்பத்தேதான். கலியாண வீட்டுக்கு வருகிறவர்கள் கரைத்துக் குடித்துவிடுவார்கள் என்று மனைவி பயந்து, எல்லாப் போத்தலிலும் கடதாசி ஒட்டி, "குடிக்கக் கூடாது" என்று பெரிதாக எழுதினாள். அவள் செய்தது சரி. எழுதியது போதவில்லை, அவ்வளவுதான்.

கராஜ்காரர் எங்கள் முற்றத்திலேயே வேலையைச் செய்தார். காருக்கு அடியில் ஒயில் தட்டைக் கழற்றி, வடிகட்டியைக் கழுவி, ஓடி வடிந்த கறுப்பு ஒயிலைப் போத்தலால் அளந்தார். ஐந்து. வடிந்த அளவுதான் விட வேண்டும் என்று சொல்லி, அளவுக்கம்பி போகும் குழாயில் புனல் வைத்து ஐந்து போத்தலையும் விட்டார். அதுவரை மனுசன் சரி.

பிறகு கம்பியை விட்டு எடுத்துப் பார்த்தார். ஒயில் கோட்டுக்கு மேலே நின்றது.

"கூடிப்போச்சு தம்பி. கூடினாலும் பழுது."

"ஸ்ராட் பண்ணிப் பாப்பமோ, அண்ணை?"

"ஒயில் பாக்கிறதுக்கு ஆர் எஞ்சின் ஓடவிடுறது? மண்ணெண்ணெய் என்ன கிணத்திலை ஊறுதோ?"

எங்கள் ஊரில் ஒயில் பார்ப்பதென்றால் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார்கள். நானும் மண்டையை ஆட்டினேன். சேலைன் குழாயை உள்ளே விட்டு ஒரு போத்தல் ஒயிலைத் திரும்ப உறிஞ்சி எடுத்தோம். அந்தப் போத்தலை மனைவி குசினிச் சுவர்த் தட்டில் வைத்தாள். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க, காரைக் கொட்டிலுக்குள் கையால் தள்ளி விட்டோம். கலியாண நாள்வரை ஒருவரும் அதைத் தொடவில்லை. இப்போது எழுதும்போதுகூட என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

கலியாண நாள் வந்தது. அளவெட்டியிலிருந்து மேளக்காரர்கள் சைக்கிள் கரியரில் தவிலைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். தங்கை பட்டுச்சேலையோடு காரில் ஏறினாள். ஸ்ராட் ஆனது. கியரைப் போட்டேன். எஞ்சின் அலறியது. படலைவரை போன கார் அங்கேயே நின்றுவிட்டது. முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

"அண்ணை," என்றாள் தங்கை பின்சீற்றிலிருந்து. அந்தக் குரலுக்கே பயந்தேன்.

பட்டு வேட்டியோடு வந்திருந்த கராஜ்காரர் ஓடிவந்தார். "நிப்பாட்டாதை, நிப்பாட்டினால் பிறகு எடுக்காது!" என்று கத்திக்கொண்டு, எஞ்சின் ஓடும்போதே கம்பியை இழுத்தார். காய்ந்து கிடந்தது. துடைத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் வெட்டியிருந்தார்கள்: சூடாக, எஞ்சின் ஓடும்போது பார்க்கவும். அத்தனை நாளும் நாங்கள் முன்பக்கத்தைத்தான் பார்த்திருந்தோம். எஞ்சின் நின்றால் மேலே போன ஒயில் கீழே தட்டுக்கு இறங்கி, கம்பியில் கூடுதலாகத் தெரியுமாம். நாங்கள் கூடிப்போச்சென்று எடுத்தது அதற்குத் தேவையான ஒயில்.

"அந்த ஒரு போத்தல் எங்கை?"

குசினிக்கு ஓடினேன். தட்டு வெறுமை. பின்விறாந்தையில் மாமா, அதாவது மனைவியின் தகப்பன், வேட்டியைத் தொடைவரை மடித்துக்கொண்டு இருந்தார். இரண்டு முழங்காலும் செக்கச்செவேலென்று மினுங்கின. பக்கத்தில் ஒரு தவில்காரர் தன் தோளை உருவிக்கொண்டிருந்தார். நடுவில் போத்தல், பாதியாக.

"மாமா! இதென்ன வேலை?"

"நோவெண்ணெய்தானே தம்பி."

"ஆர் சொன்னது நோவெண்ணெய் எண்டு?"

"குடிக்கக் கூடாதெண்டு எழுதியிருக்கு. அப்ப பூசிறதுதானே?"

போத்தலைப் பறித்தேன்.

"கொஞ்சம் விட்டிட்டுப் போ," என்றார் தவில்காரர். "நோவுக்கு நல்லாக் கேக்குது."

பாதிப் போத்தலை ஊற்றினோம். கராஜ்காரர் ஒவ்வொரு கியராகப் போட்டு எடுக்கச் சொன்னார். மீண்டும் கம்பியைப் பார்த்தார். "ஒயில் காணாது, இன்னும் குறைவுதான். ஆனா மெல்ல ஊரும். மாட்டு வண்டில் எண்டு நினைச்சு ஓட்டு." ஊர்ந்தது. அதைவிட வேகமாகப் போனால் அலறியது. மேளக்காரர்கள் சைக்கிளை விட்டிறங்கி முன்னால் வாசித்துக்கொண்டே நடந்தார்கள். மாமா அவர்களுக்கும் முன்னால், வீட்டுக்குள்ளேயே நொண்டுகிற மனுசன், இளந்தாரி மாதிரி நடந்தார். இணுவிலில் மாப்பிள்ளை பகுதியினர், பெண்ணை ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள் என்று வாயைப் பிளந்தார்கள். "நல்ல மரியாதை தெரிஞ்ச சனம்," என்றாராம் மாப்பிள்ளையின் தகப்பன். நான் திருத்தவில்லை.

தாலி ஏறியது. கடைசி நிமிசத்தில்தான், ஆனால் ஏறியது. நான் கிட்டப் போய் நின்றபோது தங்கை தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "லான்ட்மாஸ்டர் எண்டால் இவ்வளவு நேரத்துக்குப் போய்த் திரும்பியும் வந்திருப்பம்."

அடுத்த நாள் காலை படலையில் மூன்று பேர் வெறும் போத்தலோடு நின்றார்கள். மாமா அனுப்பினாராம், முழங்காலுக்கு. கார் ஓடுவதற்கே ஒயில் இல்லை என்று விரட்டிவிட்டேன். ஒருவர் போகும்போது, "காருக்கும் நோவோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.