புத்தகம் எழுதியவளுக்குத் தெரியாதது

சிவகாசியில் காகிதம் வெட்டும் மெஷின்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் வேலை பார்த்தேன். மெஷினோடு கொடுக்கும் தமிழ்க் கையேட்டை எழுதுவது என் பொறுப்பு. நான் படித்தது வரலாறு. கம்பெனி இன்ஜினியர் சொல்வதைக் கேட்டு, புரியாததைத் துருவித் துருவிக் கேட்டு எழுதுவேன். ஆனால் வாங்கியவர்களுக்கு, எழுதியவள்தான் எல்லாம் அறிந்தவள்.

காலண்டர் சீசனில் ஒரு காலை, நாரணாபுரம் பக்கம் ஓர் அச்சகத்தில் மெஷின் நின்றுவிட்டது. இன்ஜினியர் மதுரைக்குப் போயிருந்தார். "அப்ப புஸ்தகம் எழுதுனவுகள அனுப்புங்க" என்றாராம் அச்சக முதலாளி போனில். எங்கள் மேனேஜர் என்னிடம், "சும்மா போயி நில்லும்மா, போதும்" என்றார்.

போய் நின்றேன். கத்தி இறங்கவில்லை. கத்திக்கு முன்னால் கை குறுக்கிட்டால் மெஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அச்சகத்தின் எலக்ட்ரீஷியன் அதைக் காட்டினார்.

"இதக் கழட்டிட்டு வயர நேராக் குடுத்தா ஓடிரும். நீங்க சரின்னு சொல்லுங்க."

மெஷின் ஓட்டுகிறவர் பக்கத்திலேயே நின்றார். அவர் விரல்களைப் பார்த்தேன்.

"வேணாம். கோளாறு சென்சார்லயான்னு எனக்குத் தெரியாது. இன்ஜினியர் வரட்டும்."

முதலாளிக்கு முகம் சிவந்தது. "தெரியாமயா அம்புட்டுப் பெரிய புஸ்தகம் எழுதுனீக?"

"தெரிஞ்சவர்கிட்டக் கேட்டு எழுதுனேன் அண்ணாச்சி."

"லோடு நிக்குதும்மா! ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. அவர் போன் போட்டு மேனேஜரைத் திட்டினார். நான் கிளம்பவும் இல்லை. கிளம்பினால் சென்சாரைக் கழற்றிவிடுவார்களோ என்று பயம். சாயங்காலம் இன்ஜினியர் வந்தார். உள்ளே கருகிப்போயிருந்த ரிலே சுவிட்ச் ஒன்றை மாற்றினார். சென்சாரில் பழுதே இல்லை. மெஷின் ஓடியது. முதலாளி எனக்கு டீ வரவழைத்தார்.

மறு மாதம் அவரே போன் செய்தார். வீட்டில் இன்வெர்ட்டர் விடாமல் கத்துகிறதாம்.

"அதுக்கு நான் புஸ்தகம் எழுதலயே அண்ணாச்சி."

"எழுதாட்டி என்ன? யாரக் கேக்கணும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும்தான். சாத்தூரில் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் ஒருவரின் எண்ணைக் கொடுத்தேன்.