தொண்டைக்கு விலை சொல்லத் தெரியாதவர்

கட்டைவிரலை நாக்கில் தொட்டு, கொத்தாகத் தொங்கும் காகிதப் பைகளில் ஒன்றை உருவி, ஒரே உதறலில் அதன் வாயைத் திறந்து, கிண்ணத்துத் தக்காளியை உள்ளே கவிழ்த்து, பையின் இரண்டு காதுகளையும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுகிறார் க்ளிஃப் என்ட்விசில். பை முறுக்கிக்கொண்டு தானே மூடிக்கொள்கிறது. இத்தனை நடக்கும்போதும் அவர் பையைப் பார்ப்பதில்லை. எதிர்ச்சாரியில் கடை போட்டிருக்கும் டோரீன் எத்தனை கிண்ணம் விற்றாள் என்பதில்தான் அவர் கண் இருக்கிறது.

"கிண்ணம் ஒரு பவுண்டு! வாங்க கண்ணு, வாங்க! இப்பத்தான் கொடியிலேருந்து எறங்குச்சு, இன்னும் தூக்கமே கலையல!"

"தூங்கறது அங்கயே தூங்கட்டும்! முழிச்சிருக்கற தக்காளி இங்க இருக்கு! அதே ஒரு பவுண்டு, மேல ரெண்டு கொசுறு!" என்று எதிர்ச்சாரியிலிருந்து டோரீனின் பதில்.

ஆஷ்கில் சந்தையின் தகரக் கூரையில் மழை எத்தனை பலமாகக் கொட்டினாலும் க்ளிஃபின் குரல் அதையும் மீறிப் பேருந்து நிலையம் வரை போகும். வடக்கு இங்கிலாந்தில் மழைக்கு என்ன குறை. பேருந்தில் அரைத் தூக்கத்தில் வருகிறவர்கள் இந்தக் குரலைக் கேட்டுத்தான் இறங்குமிடம் வந்துவிட்டதென்று எழுந்துகொள்வார்கள்.

ஆள் கட்டை குட்டை. கோடையிலும் கழற்றாத, விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறை. தனிக்கட்டை. பன்றிக்கறி வைத்த ரொட்டியை நின்றபடியே தின்று, குடுவைத் தேநீரை நின்றபடியே குடித்து, அறுபத்து மூன்று வயதுக்குள் கடையில் ஒரு நாற்காலி போட்டதில்லை. "உக்காந்து யாவாரம் பண்ணா கால் வலிக்காது, ஆனா பொட்டியும் நெறையாது" என்பார்.

முதலாளித்துவம் என்று யாராவது வாயெடுத்தால் க்ளிஃபுக்குக் குஷி பிறந்துவிடும். அவரைப் பொறுத்தவரை அது புத்தகத்துச் சமாச்சாரம் அல்ல. எதிரே நிற்கும் டோரீன்தான். "இவ மட்டும் இல்லேன்னா அழுகினதக்கூட உங்க தலையில கட்டியிருப்பேன் கண்ணு. இவ இருக்கறதாலதான் நான் யோக்கியன்" என்று அவளுக்குக் கேட்கும்படியே சொல்வார். அரசாங்கத்தின் வேகத்தைப் பற்றி அவருக்குத் துளியும் மரியாதை கிடையாது. "அவங்ககிட்ட தக்காளிக் கடையக் குடுத்துப் பாருங்க. ஜூன்ல கேட்டா நவம்பர்ல ஒரு முள்ளங்கி வரும்."

வெங்காயம் வாங்க வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒருநாள் அவரை மடக்கினார். "அப்போ ஆஸ்பத்திரிய மட்டும் அரசாங்கம் நடத்தலாமாக்கும்?"

க்ளிஃப் வெங்காயத்தை நிறுத்துக்கொண்டே சொன்னார். "என் தக்காளி வெல புடிக்கலேன்னா எதுத்தாப்ல போயி வாங்கலாம். நெஞ்சு வலிக்கறப்ப எவனாவது கடை கடையா ஏறி எறங்கி வெல கேப்பானா சார்? அது வேற, இது வேற."

அந்த 'வேற'யை அவர் காப்பாற்றிவந்த விதம்தான் விசித்திரம். வரியைக் கோயில் காணிக்கை போல நாள் தவறாமல் கட்டுவார். ஆனால் அந்தப் பணத்தில் நடக்கும் மருத்துவத்தைத் தொடமாட்டார். "நாப்பது வருசமாக் கட்டறேன். ஒரு மாத்திர வாங்கித் தின்னது கெடையாது" என்று பரிசுக் கோப்பையைக் காட்டுவதுபோல் சொல்லிக்கொள்வார். எல்லாருக்கும் பொதுவான பானை அது, தான் ஒரு கரண்டி எடுத்தால் தன்னைவிடக் கஷ்டப்படுகிற எவனோ ஒருவனுக்கு அந்தக் கரண்டி குறையும் என்பது அவர் கணக்கு. கணக்கில் புலி என்று பெயரெடுத்த மனிதர், இந்த ஒன்றில் மட்டும் சுத்த மக்கு.

டோரீனுக்கு இந்த மாதிரி வீம்பெல்லாம் இல்லை. கணவன் செத்துப்போனபோது அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டு வாடகையும் பிள்ளைகளின் சாப்பாடும் அரசாங்கத்தின் உதவிப் பணத்தில் ஓடின. வசந்தம் வந்ததும் எழுந்து வந்தாள். சந்தையில் அப்போது காலியாக இருந்தது ஒரே ஓர் இடம், க்ளிஃபுக்கு நேர் எதிரே. இருபது வருஷம் கழித்து அவளுடைய இடுப்பு தேய்ந்துபோனபோது, அதையும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

"என் வரிப்பணத்துல எழுந்திரிச்சா. என் வரிப்பணத்துல புது இடுப்பும் மாட்டிக்கிட்டா. இப்ப வந்து எனக்கே குழி பறிக்கறா பாருங்க!" இதைச் சொல்லும்போது க்ளிஃபின் முகத்தில் எரிச்சலைத் தேடினால் கிடைக்காது. அத்தனையும் பெருமை.

இந்த வருஷம் ஈஸ்டருக்குச் சற்று முன்னால் அவர் தொண்டை கட்டியது. தேனும் எலுமிச்சையும் குடித்தார். மே மாதத்தில் குரல் கிழிந்த துணிபோல் ஆயிற்று. ஜூன் பிறந்தபோது வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பேருந்தில் தூங்கியவர்கள் இறங்குமிடத்தைத் தாண்டிப் போய், அடுத்த நிறுத்தத்திலிருந்து திட்டிக்கொண்டே நடந்து வந்தார்கள்.

டோரீனுக்கு வியாபாரம் கொழித்தது. முதல் வாரம் அவள் அதை மறைக்காமல் கொண்டாடினாள். "என்னய்யா க்ளிஃப், தொண்டைக்குச் சாவி குடுக்க மறந்துட்டியா?" என்று கிண்டலும் அடித்தாள். பிறகு கிண்டல் நின்றுபோயிற்று. அவள் கத்திவிட்டு எதிர்ச்சாரியைப் பார்ப்பாள், பதில் வராது. அவளுடைய கணவனுக்கும் முதலில் தொண்டைதான் கட்டியது. அவனும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றே நாளைக் கடத்தினான். அந்த நினைப்பு அவளைப் பிடித்து ஆட்டியது. பயத்தில் கைகள் சில்லறையைத் தப்பும் தவறுமாகக் கொடுத்தன.

நச்சரித்து, நச்சரித்து, க்ளிஃபை மருத்துவரிடம் அனுப்பினாள். முதல்தடவை போனவர், காத்திருப்பு அறையில் குழந்தையோடு ஒருத்தி இருமிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தன் முறையை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். இரண்டாம் தடவை உள்ளே வரைக்கும் போனார். இந்த ஊர்க்காரர்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், காலைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தவன்கூட, பரவாயில்லை, குறை சொல்வதற்கில்லை என்றுதான் சொல்வான். மருத்துவர் கேட்டார். க்ளிஃபும் அதையே சொன்னார். குரல் ஏன் இப்படி என்று கேட்டதற்கு, நேற்றுப் பந்தாட்டம் பார்க்கப் போய்க் கத்திவிட்டதாக ஒரு பொய். பாவம், அந்த மருத்துவருக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்கு நாலு பேரிக்காயைக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வந்துவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் டோரீன் கல்லாவை அறைந்து மூடினாள்.

"பந்தாட்டமா? சீசன் முடிஞ்சு எத்தன நாளாச்சுய்யா! எந்த மைதானத்துல போயி யாரப் பாத்துக் கத்தின?"

"அங்க... எவ்வளவோ பேரு... நெஜமாவே முடியாதவங்க..." என்று காற்றாகப் பேசினார் க்ளிஃப்.

"நீ என்ன பொய்யாவா முடியாம இருக்க? புளிச்சுப்போன தக்காளிய தேன்னு சொல்லி விக்கத் தெரியுது. நெஜமான சீக்க ஒரு டாக்டர்கிட்ட எடுத்து வைக்கத் தெரியல. நீயெல்லாம் ஒரு யாவாரி!"

மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பார். அந்தக் கடைசி வார்த்தை அவரைச் சுட்டது. மறுநாள் காலை சந்தை பார்த்திராத காட்சி நடந்தது. கூட்டம் நெரியும் வியாழக்கிழமையில், எதிரும் புதிருமான இரண்டு கடைகளிலும் ஒரே நேரத்தில் தார்ப்பாய் இறங்கியது.

"எப்படி இருக்கீங்க, மிஸ்டர் என்ட்விசில்?" என்றார் டாக்டர் அடயெமி, பேரிக்காய் வாங்கிக்கொண்ட அதே மருத்துவர். இளம்பெண், களைப்பான முகத்திலும் நல்ல சிரிப்பு.

"பரவாயில்ல டாக்டர். குறை சொல்றதுக்கு..."

"சொல்லு! குறை சொல்லத்தான்யா வந்திருக்க!" டோரீன் எழுந்தே விட்டாள். அந்தச் சின்ன அறையில் சந்தைக் குரல் எழுந்தது. "பாருங்க டாக்டர், நல்லாப் பாருங்க! ஈஸ்டருக்கு முன்னாலேருந்து அடைச்ச தொண்ட! அசல் சரக்கு, கலப்படம் கெடையாது! எச்சி முழுங்கினா முள்ளுக் குத்தறாப்ல இருக்குன்னு தேத்தண்ணிக் கடையில சொல்லியிருக்காரு, உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டாரு! பந்தாட்டம் பொய்யி! ஜலதோஷமும் இல்ல! இந்த மாதிரித் தொண்ட ஊர்ல வேற எங்கயும் கெடைக்காது, எடுத்துக்குங்க!"

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். அதற்குள் டோரீனின் குரல் தணிந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரரும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாரு டாக்டர்."

டாக்டர் சிறு விளக்கை எடுத்துக்கொண்டு க்ளிஃபின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முள் குத்துவது உண்மையா என்று கேட்டார். க்ளிஃப் டோரீனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார். நாற்பது வருஷத்தில் அந்தப் பொதுப் பானையிலிருந்து அவர் எடுத்த முதல் கரண்டி அதுதான்.

"மொதல் தடவ உங்க முறைய விட்டுக்குடுத்துட்டுப் போனீங்களாமே, அதுல யாருக்கும் லாபமில்லைங்க" என்றார் டாக்டர். "இப்ப வந்தா சின்ன வேல. நாள் கடந்து வந்தா பெரிய வேல, பெரிய செலவு. அந்தச் செலவுலதான் நாலு பேருக்குக் குறையுது."

க்ளிஃபின் புருவம் உயர்ந்தது. "அப்படின்னா... சீக்கிரம் வந்தா... உங்களுக்கு மிச்சமா?"

"ஆமாங்க."

"அத மொதல்லயே... சொல்லக் கூடாதா?" என்று காற்றுக் குரலில் கடிந்துகொண்டார் க்ளிஃப்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நவம்பர் முள்ளங்கி என்று அவர் கேலி செய்த அதே அரசாங்கம், இரண்டு வாரத்துக்குள் அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்து, மூக்கு வழியாகச் சின்னக் காமிராவை விட்டுப் பார்த்தது. குரல் நாணில் ஒரு கட்டி. அதை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் மூச்சுக்கூட வார்த்தையாக வரக் கூடாது என்று உத்தரவு. முடிவு வரும்வரை க்ளிஃப் கடை திறக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தார். உட்காரத் தெரியாத மனிதர் உட்கார்ந்திருந்தார் என்றால் உள்ளே எவ்வளவு பயம் இருந்திருக்க வேண்டும்.

முடிவைக் கேட்கப் போன அன்று டோரீன்தான் வண்டி ஓட்டினாள். கெட்ட கட்டி இல்லை, குரல் திரும்பும் என்று மருத்துவர் சொன்னதும் அவள் ஓவென்று அழுதாள். பேசக்கூடாத க்ளிஃப் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார், தர்ப்பூசணியைத் தட்டிப் பார்க்கிற அதே தட்டல். வெளியே வந்தால், வண்டி நிறுத்தியதற்குக் கட்டணம் கேட்டு ஓர் இயந்திரம் நின்றது. க்ளிஃப் சட்டைப்பையிலிருந்து காகிதம் எடுத்து எழுதிக் காட்டினார்: "உள்ள கத்தி வெச்சதுக்குக் காசில்ல. வெளிய வண்டி வெச்சதுக்குக் காசு. பொழைக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனாவது இங்க இருக்கான்!"

மறுநாளே கடை திறந்துவிட்டார். வாய் மூடியிருந்தது, கைகள் மட்டும் வழக்கம்போல் பையைச் சுழற்றின. கூவாத கடைக்கு யார் வருவார்கள் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து கிண்ணங்களைக் காலி செய்தார்கள். நண்பகலுக்குள் மேசை பாதி வெறிச்சோடியது. எதிர்ச்சாரியில் டோரீனின் தக்காளிகள் குவித்தது குவித்தபடி இருந்தன. அவளும் கத்தவில்லை. ரொம்ப மும்முரமாக ஆரஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

க்ளிஃபுக்குச் சந்தேகம் தட்டியது. கடையை விட்டிறங்கி, நடைபாதையைத் தாண்டிப் போய் அவளுடைய விலைப் பலகையைப் பார்த்தார். கிண்ணம் ஒன்றரைப் பவுண்டு என்றிருந்தது. விடிகாலையில் இருவரும் ஒரே மொத்த வியாபாரியிடம் ஒரே விலைக்கு வாங்கிய தக்காளி.

"என்னய்யா பாக்கற? என் சரக்கு, என் வெல" என்றாள் டோரீன் அவர் முகத்தைப் பார்க்காமல். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்ச நாள்தானே. வாய் வந்ததும் சண்டைக்கு வா" என்றாள்.

க்ளிஃபின் முகம் அவர் விற்கும் தக்காளியைவிடச் சிவந்துபோயிற்று. கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது. சொல்ல அவரிடம் ஆயிரம் இருந்திருக்கும், சொல்ல வாய்தான் இல்லை. கையுறையாலேயே அவளுடைய பலகையை அழுந்தத் துடைத்தார். அவள் காதில் செருகியிருந்த சுண்ணக்கட்டியை உருவி, தொண்ணூறு பென்ஸ் என்று பெரிதாக எழுதினார். தன் கடையைவிடப் பத்துப் பென்ஸ் குறைவு. கட்டியை அவள் கையில் திணித்துவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பி நடந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று, எங்கே கத்து பார்ப்போம் என்று மோவாயை அவளை நோக்கி உயர்த்தினார்.