வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயர்

"…வந்த பஸ்ஸுல ஏற மாட்டேன்னா அது அவ இஷ்டம். வந்ததே தெரியாம நிக்கிறவள விட்டுட்டு நீ விசில் ஊதுவியாண்ணே?" என்றாள் தங்கை. போர்ட் பிளேரில், கல்வி அலுவலக வாசல் படியில் நின்று கேட்டாள். நான் ரங்கத் பஸ்ஸில் கண்டக்டர். பேச்சுக்குப் பேச்சு வைப்பதுதான் என் பிழைப்பு. வேறு யார் கேட்டிருந்தாலும் சமாளித்திருப்பேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் எடுத்தது ஐம்பத்து மூன்று சதவீதம். அப்பா பெரார்கஞ்சில் கொத்தனார். சுவரின் நேர் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடி மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "பெயிலும் இல்ல, பேரும் இல்ல" என்றார். மெயின்லேண்டில் ஒரு பல்கலைக்கழகத்தில், வரலாற்றுப் பாடத்துக்கு, தீவுப் பிள்ளைகளுக்கென்று ஒரே ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு மனுப் போட்டாள். "கெடச்சா கப்பல் ஏறு. இல்லேன்னா செராக்ஸ் கடையில போயி உக்காரு" என்பது அப்பாவின் தீர்ப்பு. பட்டியல் வந்தபோது இடம் நிக்கோபார் பக்கம் கட்சால் தீவிலிருந்து ஒரு பெண்ணுக்குப் போயிருந்தது. எங்களுக்கு அவளைத் தெரியாது. பெயரைப் பார்த்தால் ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம்போல் இருந்தது. அடுத்து, வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயர் தங்கையுடையது.

விசாரிக்கப் போனோம். அந்தப் பெண் இன்னும் வரவில்லை. புயலடித்ததில் கட்சாலில் டவர் விழுந்து போன் கிடைக்கவில்லை, போட்ட தபாலும் போய்ச் சேர்ந்ததா தெரியாது என்றார் கிளார்க். தெலுங்குக்காரர், தங்கமான மனிதர். "அக்லா ஃப்ரைடே தக் தேக்கோ. நஹி ஆயா தோ சீட் ஆப்கா" என்றார். அடுத்த வெள்ளிவரை பொறுத்தால் இடம் எங்களுக்கு.

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒருத்தன் எறங்கினாத்தானே இன்னொருத்தன் உக்கார முடியும்? இதுல என்ன பாவம்?" என்றேன். பஸ்ஸில் தினமும் சொல்கிற வசனம். அதற்குத்தான் அவள் அப்படித் திருப்பிக் கேட்டாள்.

ரங்கத் சந்தையில் கீரைக்கட்டோடு மூச்சிரைக்க ஓடிவரும், மாசி என்று எல்லோரும் கூப்பிடும் வங்காளி அம்மாளுக்காக எத்தனை நாள் பஸ்ஸை நிறுத்தி டிரைவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்! யார் பெற்ற பிள்ளைக்கோ நிற்கிற பஸ், என் வீட்டுப் பிள்ளை உள்ளே உட்கார்ந்ததும் நிற்க மாட்டேன் என்கிறது. அந்தப் படியில் வைத்துத்தான் என்னை நானே கொஞ்சம் பார்த்துக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கட்சால் பெண் கடைசி நாளுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தாள். இடம் அவளுக்குப் போயிற்று. யார் சொல்லியனுப்பியது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. தங்கை ஒரு வருஷம் செராக்ஸ் கடையில் நின்றாள். மறு வருஷம் அதே ஐம்பத்து மூன்றோடு மனுப் போட்டாள். அந்த முறை போட்டிக்கு ஆள் குறைவு, பட்டியல் அவள்வரை வந்தது. அங்கே பேராசிரியர் ஒருவர், "இந்த மார்க்க வச்சுக்கிட்டு இங்க என்னம்மா பண்ணப் போற?" என்று கேட்டாராம். "நெறைய மார்க் வாங்கினவங்க எங்க போனாலும் படிச்சுக்குவாங்க சார். எனக்குத்தான் நல்ல எடம் வேணும்" என்றாளாம். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இப்போது பட்டியல் கைபேசியிலேயே வருகிறது. என் மகளும் சுமாரான மார்க்தான். "மேல இருக்கறவங்க யாராச்சும் வராம போக மாட்டாங்களாப்பா?" என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். நான் கோபிப்பதில்லை. தங்கைக்கு மட்டும் அந்த ஆசை இல்லாமலா இருந்தது? அன்று என்னிடம் கேட்டபோதும் அவள் விரல் பட்டியல் நகலில் தன் பெயர்மேல்தான் இருந்தது.

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. உள்ளே போய் அந்தப் பெண்ணின் விலாசத்தைக் கேட்டு வாங்கினாள். என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, 'சீட் உனக்குத்தான். வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு வா' என்று ஒரு தாளில் எழுதி, மேலே அந்த விலாசத்தைப் போட்டாள். தன் பெயரைப் போடவில்லை. துறைமுகத்து ஜெட்டியில் நிக்கோபார் கப்பலுக்கு நீளமாக வரிசை நின்றது. வால் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, "கட்சால் ஜாயேகா? கட்சால் ஜாயேகா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே முன்னால் போனாள். பிளாஸ்டிக் வாளிகளுக்கு நடுவே நின்ற ஓர் அம்மாள், "நான் அங்கதான் போறேன். யார் வீட்டுக்குக் குடுக்கணும் புள்ள?" என்றார். தங்கை தாளை அவர் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.