மச்சினனின் கோல்ஃப் வீச்சு

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன்தான் எழுதுகிறது.

என் மச்சினனை அவன் மகளின் மாமனார் ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குக் கோல்ஃப் ஆடக் கூப்பிட்டிருக்கிறார்.

சம்பந்தி முன்னால் மானம் போகக்கூடாதாம். இன்று வள்ளியூரில் வீட்டுக்குப் பின்னால் மட்டையோடு பழகிக்கொண்டிருந்தான். அடித்த பந்தெல்லாம் கோணலாகப் போயிற்று.

"ஏலே, வீசும்போது இடது கை ஏன் மட்டையை விடுது?"

"வேட்டி அவுந்துருமோன்னு இடுப்புக்குப் போவுது அத்தான்."

"பேன்ட் போட்டுட்டு வந்து அடிலே."

பெல்ட்டும் போட்டு வந்தான். ஓங்கினான். பாதி வீச்சில் கை பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது.

"நானா போகச் சொல்லுதேன்? அதுவா போவுது!" என்றான்.

சம்பந்தியும் நாங்குநேரியில் வேட்டி கட்டி வளர்ந்தவர்தான். அவர் அந்தக் கையை எப்படி அடக்கினார்? தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.