ஒதுங்க வைத்த மேஜை

எங்கள் வீட்டு முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மேஜை கிடக்கிறது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் வரவேற்பில் போட்டிருந்த மேஜை அது. என் வீட்டுக்காரர் அங்கேதான் வேலை பார்த்தார். லாட்ஜை இடிக்கும்போது வேலையாட்கள் ஆளுக்கு ஒரு சாமானை எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னாராம். மற்றவர்கள் கட்டில், மின்விசிறி என்று எடுத்தார்கள். இவர் இந்த மேஜையைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு தென்காசிக்கு வந்து சேர்ந்தார்.

“தரையில குனிஞ்சு குனிஞ்சு துணி வெட்டி ஒன் இடுப்பு போச்சுல்லா” என்றார்.

மேஜையின் பக்கவாட்டில் அறைச் சாவி மாட்டுகிற கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன. எண்கள் பாதி அழிந்துவிட்டன. ஏழாம் அறைக் கொக்கியில் கத்தரிக்கோல். பன்னிரண்டில் டேப். மற்றதெல்லாம் மேஜைமேல்தான் கிடக்கும். நூல்கண்டு, சாக்குக்கட்டித் துண்டு, பாபின், லைனிங் துணி, கொக்கி டப்பா, வெட்டி மிஞ்சிய துண்டுகள், என் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் கீழே அளவு ஜாக்கெட்டுகள்.

தைக்கக் கொடுக்கிறவர்கள் தங்களுக்குச் சரியாக இருக்கிற ஒரு பழைய ஜாக்கெட்டையும் அளவுக்குக் கொடுப்பார்கள். சிலர் புதுசை வாங்கும்போது அதையும் வாங்கிக்கொண்டு போவார்கள். பல வருஷமாக வருகிறவர்கள் வாங்க மாட்டார்கள். “அங்கனயே கெடக்கட்டும் ஆச்சி” என்பார்கள். அடுத்த தடவை துணியை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று அர்த்தம். அப்படிச் சேர்ந்து சேர்ந்து மேஜையில் பாதி உயரத்துக்கு அளவுகள் கிடந்தன. சாயம் போனது, அக்குளில் வெளுத்தது, கொக்கி ஒன்று போனது. யாரும் இனி உடுத்தப்போவதில்லை. ஆனாலும் அது இங்கே கிடக்கும்வரை அந்த ஆள் திரும்ப வருவாள்.

நான் ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுகிறவள் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கோயிலுக்குப் போனாலும் தூண் ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். ஆட்கள் துணியோடு வந்தால்தான் எனக்குப் பேச்சு. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்தப் பேச்சு ஒன்றுதான் மிச்சம். அதுவும் அவர்கள் பேசுவார்கள், நான் குவியலுக்குள் அவர்கள் அளவைத் தேடிக்கொண்டே ‘ம்’ கொட்டுவேன்.

இந்த ஆனியில் மகள் சென்னையிலிருந்து வந்தாள். அருவியில் குளிக்கலாம் என்று மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்த அன்றைக்கே மலையில் நல்ல மழை. தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை என்று சொல்லிவிட்டார்கள். மருமகன் ஃபோனைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். மகளுக்குச் சும்மா இருக்க வராது. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“என்னம்மா இது? எலி குட்டி போட்டாக்கூட ஒனக்குத் தெரியாது போல.”

“எலியெல்லாம் கெடையாது.”

“நகரு. நான் ஒதுங்க வைக்கேன்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எனக்கு உள்ளே சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இந்த மேஜையில்தான் எழுதுவாள். அப்புறம் அவள் இதன் பக்கத்தில் இவ்வளவு நேரம் நின்று நான் பார்க்கவில்லை. நூலை நிறம் நிறமாகப் பிரித்தோம். துருப்பிடித்த ஊசிகளைத் தனியாக எடுத்தோம். கடைக்குப் போய் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி வந்தாள். ஒவ்வொன்றிலும் ‘கொக்கி’, ‘பட்டன்’, ‘நூல்’ என்று எழுதி ஒட்டினாள். நான் ஐந்து வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன் என்று கொட்டை கொட்டையாக எழுதினாள்.

அளவுகளுக்கு வந்தாள்.

“இதெல்லாம் யாரும் வேண்டாம்னு போட்டதா? தொடைக்க வச்சுக்கலாமா?”

“ஏட்டி, அது அளவு!”

“அளவை எழுதி வச்சாப் போதாதா? இத்தனை பழந்துணியைக் கட்டிக்கிட்டு அழணுமா?”

ஒவ்வொரு ஜாக்கெட்டையும் விரித்து டேப்பை வைத்தாள். யாருடையது என்று கேட்டாள். மார்பு, இடுப்பு, கை, கழுத்து இறக்கம் எல்லாவற்றையும் என் ஃபோனில் ஏற்றினாள். இனிமேல் வருகிறதைப் போட ‘அளவு’ என்றும் ஒரு டப்பாவில் எழுதி ஒட்டினாள். நான் ஆளைச் சொல்லச் சொல்ல, அவளும் ஒவ்வொருவரையும் பற்றிக் கேட்டாள். இந்த அத்தை இப்ப எப்படி இருக்கா, அந்த அக்கா மகளுக்குக் கல்யாணம் ஆயிட்டா என்று. அன்றைக்குப் பேசியது போல நாங்கள் இரண்டு பேரும் பேசி ரொம்ப நாளாகிறது.

மறுநாள் காலையில், எல்லாவற்றையும் மடித்துப் பைகளில் போட்டு, அவளே தெருத்தெருவாகப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள்.

கொடுக்கக் கூடாது என்று சொல்ல வாய் வந்தது. அளவைத் திருப்பிக் கொடுத்தால் வேறு அர்த்தம் வரும். பஜாரில் கடை வைத்திருந்த டெய்லர் கடையை மூடியபோது அப்படித்தான் வீடு வீடாக அளவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மகள் குடையை எடுத்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றாள். இரண்டே நாள் இருக்க வந்திருக்கிறாள். எதற்கு முகத்தைச் சுளிக்க வைக்க என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது முந்தானையெல்லாம் நனைந்திருந்தது. “எல்லாரும் ஒன்னைத்தான் கேட்டாங்க” என்றாள். அன்று சாயங்காலம் ரயிலேறிவிட்டார்கள்.

மேஜை மரம் தெரிந்தது. அதன் நடுவில் யாரோ டம்ளர் வைத்த வட்டம்கூட இருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் லாட்ஜில் யாரோ வைத்தது. நான் அதை இதுவரை பார்த்ததே இல்லை. கொக்கி என்றால் கொக்கி டப்பா. நூல் என்றால் நூல் டப்பா. கையில் இருந்த இரண்டு ஜாக்கெட்டுகளைச் சட்டென்று முடித்துக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆள் வரவில்லை.

ஆடி பிறந்தது. தள்ளுபடி விற்பனை என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள். ஆடியில் எடுத்த சேலைக்கெல்லாம் என்னிடம்தான் ஜாக்கெட் தைப்பார்கள். நான் மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டு ஜன்னலண்டை உட்கார்ந்திருப்பேன். மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உட்காருவேன். வாய் திறக்காமலே ஒரு பகல் போய்விடும்.

ஒருநாள் காய்கறி வண்டியில் கத்தரிக்காய் பொறுக்கும்போது எதிர்வீட்டு அம்மா கேட்டாள்.

“ஆச்சி, தையலை நிப்பாட்டிட்டியளாமே. கண்ணு செரியாத் தெரியலையோ?”

இல்லை என்று சொல்ல வேண்டும். நாலு பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ‘ம்’ என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு, ‘நிப்பாட்டல, தைக்கேன்’ என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். யாரும் இல்லாத வீட்டில் நன்றாகத்தான் வருகிறது.

மகள் ஃபோனில் கேட்டாள். “மேஜை அப்படியே இருக்காம்மா? குப்பை போட்டுராத.”

“அப்படியேதான் இருக்கு” என்றேன்.

அடுத்த தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். மாப்பிள்ளை சவுதியில் இருக்கிறார். என்னிடம் அதிகம் வந்து உட்காருகிறவள் அவள்தான். கழுத்து இறக்கத்தைக் கூட்டு, குறை என்று கையைப் பிடித்துச் சண்டை போடுவாள். ஒருநாள் சாயங்காலம் அவள் என் ஜன்னலைத் தாண்டிப் போனாள். கையில் துணிப்பை, நான் மிஞ்சிய துண்டுகளில் தைத்துக் கொடுத்த பை. மேலே புதுத்துணி மடிப்புத் தெரிந்தது. என்னைப் பார்க்காதது போலத் தலையைக் குனிந்துகொண்டு பஜார்ப் பக்கம் நடந்தாள்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் குடையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசல்வரை போய்விட்டேன். கூப்பிட வாய் வரவில்லை. சாரல் குடையில் விழுந்துகொண்டே இருந்தது. திரும்பிவிடலாம் என்று நினைக்கும்போது அவளே துணி எடுக்க வெளியே வந்தாள்.

“ஆச்சியா! நனைஞ்சுக்கிட்டு இங்கன நிக்கிய? உள்ள வாங்க.”

“இல்ல பிள்ள. போகணும்.”

“எங்க போகணும்?”

எனக்குப் போக ஓர் இடமும் இல்லை. அவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். டீ போட்டுக்கொண்டு வந்தாள். ஊதி ஊதிக் குடித்து முடித்தேன். அவளும் கொஞ்சம் ஒதுங்கியே நின்றாள். கடைசியில் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“நான் தையலை நிப்பாட்டல.”

“அய்யோ. பெறகு எதுக்கு அளவைக் குடுத்துட்டிய? ஒங்க மக கொண்டாந்து குடுக்கவும் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. கேட்டா சங்கடப்படுவியன்னு கேக்கல.”

“அவ மேஜையை ஒதுங்க வச்சா.”

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

“நல்லா ஒதுங்க வச்சா போங்க! பஜார்ல ஒருத்தன்கிட்ட குடுத்து கையைத் தூக்க முடியல. இருங்க, காட்டுதேன்.” போட்டிருந்த ஜாக்கெட்டோடு கையைத் தூக்கிக் காட்டினாள். பாதியில் நின்றது.

“அக்குள்ல பிரிச்சுக் கொஞ்சம் விடணும்” என்றேன்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாரேன். அளவுதான் ஃபோன்ல இருக்குல்லா, ஒங்க மக சொன்னாளே.”

“ஃபோன்ல என்னத்த இருக்கு. நீ அந்தப் பழசைக் குடு.”

கேட்டுவிட்டேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. அவள் உள்கொடியில் கிடந்த நீல ஜாக்கெட்டை உருவிக் கொடுத்தாள். மகள் திருப்பிக் கொடுத்ததைத் துவைத்துப் போட்டிருக்கிறாள். பாதி ஈரம்.

“காயல ஆச்சி.”

“பரவால்ல.”

வீட்டுக்கு வந்து, ‘அளவு’ என்று மகள் எழுதி ஒட்டிய டப்பாவைத் திறந்தேன். காலியாக இருந்தது. ஈரத்துணியை உள்ளே வைத்து மூடினால் வாடை வந்துவிடும். மேஜை நடுவில், அந்த டம்ளர் வட்டத்துக்கு மேலேயே, கைகளை இரண்டு பக்கமும் நீட்டி விரித்துப் போட்டேன். இந்தச் சாரலில் அது காய வெள்ளிக்கிழமை ஆகிவிடும்.