கோப்பக்காவும் ஓர் எதிர்ப்பு மனுவும்

வாளித் தண்ணீரை மனையின் மேட்டு மூலையில் கவிழ்த்துவிட்டு, அது போகிற வழியிலேயே கோப்பக்காவும் நடக்கிறார். தண்ணீர் வளைந்தால் அவரும் வளைகிறார். ஒரு புல் குத்துக்குப் பின்னால் அது சுணங்கி நின்றால், இடுப்பில் கைவைத்துக்கொண்டு காத்திருக்கிறார். வீடு கட்டப் போகும் மனைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். “பதறாத காரியம் சிதறாதுங்க” என்கிறார் கோப்பக்கா, திரும்பிப் பார்க்காமலே. அடுத்த வாளித் தண்ணீரை மனைக்காரரே போய்க் கொண்டுவருகிறார்.

வயது நாற்பத்தொன்பது. கட்டட வேலை தொடங்குமுன் வாங்க வேண்டிய சுற்றுச்சூழல் அனுமதிக்குக் கோப்பு தயாரித்துக் கொடுப்பது தொழில்; அதனால்தான் ஊருக்கு அவர் கோப்பக்கா. மழைநீர் எந்தப் பக்கம் போகும், எத்தனை மரம் விழும், தோண்டிய மண்ணை எங்கே கொட்டப் போகிறீர்கள், புழுதி யார் வீட்டுச் சன்னலுக்குள் போகும் என்று படிவம் நாற்பத்தோரு கேள்வி கேட்கிறது. கோப்பக்கா அதற்கு மேல் பத்துப் பதினைந்து கேட்பார். “சும்மா ஒரு முத்திரைதானேக்கா, வாங்கிக் குடுத்துடுங்க” என்று வருகிறவர்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவார். அவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்தில் திரும்பி வருவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி ஓர் ஓடையையே வரைபடத்தில் மறைத்துவிட்டு, வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றவர் ஒருவர் இன்றைக்கும் அவரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறார்.

மரத்தின் சுற்றளவு எடுக்கும் டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும். தங்கை மகள் கல்யாணத்துக்கே அதோடு போய் நின்று, புகைப்படத்திலும் அப்படியே விழுந்திருக்கிறார். அந்தத் தங்கை புது வீடு கட்டிக் கூப்பிட்டபோது, கூடத்தைப் பார்க்குமுன் கொல்லைப்பக்கம் போய்க் குழாய் எங்கே முடிகிறது என்று பார்த்தார். “வீடு நல்லாருக்குடி. தண்ணிதான் பக்கத்து வீட்டுக்காரரோட சண்டைக்குப் போகுது.” தங்கை இரண்டு மாதம் பேசவில்லை. மூன்றாம் மாதம் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அன்று மாலையே தங்கை போன் செய்து, “அக்கா, நீ கொஞ்சம் வந்துட்டுப் போயேன்” என்றாள்.

கணவர் பேருந்து ஓட்டுநர். “நான் நிறுத்தத்துல மட்டும்தான் வண்டிய நிறுத்துவேன். இவ கிளம்பாத வண்டியையே நிறுத்துறவ” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கட்டிலுக்கு அடியில் கோப்பு, துணி அலமாரியில் கோப்பு, அவருடைய சீருடைக்குக் கீழேயும் கோப்பு. அதற்காக அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வேலைக்குப் போகுமுன் மனைவியின் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவைப்பதும் அவர்தான்.

கோப்பக்காவுக்கு ஒரு பெருமை உண்டு. படிவத்தின் கடைசிக் கட்டத்தில், அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பு என்று கேட்டிருக்கும் இடத்தில், இருபத்திரண்டு வருடமாக ‘இல்லை’ என்றே எழுதி வந்திருக்கிறார். யாரையும் மிரட்டியோ மயக்கியோ அல்ல. அறிவிப்புப் பலகை தொங்குமுன்னே ஒவ்வொரு வாசலாக ஏறிக் கேட்டு, குறை இருந்தால் வரைபடத்தை மாற்றச் செய்துவிடுவார். அதனால் அவருடைய கோப்பு ஒன்றுகூட அலுவலகத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. அனுமதி அலுவலர் புதிதாகச் சேர்பவர்களுக்கு அவர் கோப்பைத்தான் மாதிரிக்கு எடுத்துக் காட்டுவார். இதைத் தற்செயலாகச் சொல்வதுபோல் கோப்பக்கா எல்லாரிடமும் சொல்லிவிடுவார்.

இந்த வருடம் ஒரு மருத்துவச்சியின் கோப்பு வந்தது. அந்தம்மா ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் பிரசவம் பார்க்கிறவர். பதினெட்டுப் படி. நிறைமாதக்காரிகள் வலியோடு ஏறி வருகிறார்கள். போன வருடம் ஒருத்திக்கு ஒன்பதாவது படியிலேயே பிள்ளை பிறந்தது. அதனால் தரையோடு தரையாக ஒரு பிரசவ இல்லம் கட்டச் சின்ன மனை வாங்கியிருந்தார். மழைக்குமுன் அஸ்திவாரம் போட்டாக வேண்டும். தவறினால் களிமண் நிலம் ஊறி, இன்னும் ஒரு வருடம் பதினெட்டுப் படிதான்.

கோப்பக்கா வாளியைக் கவிழ்த்தார், மரங்களை அளந்தார், வாசல் வாசலாக ஏறினார். மனைக்கு எதிரே பைண்டிங் கடை மட்டும் பூட்டியிருந்தது. கடைக்காரர் ஊரில் இல்லை, வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். ‘எதிரேதானே பலகை தொங்கப் போகிறது, வந்ததும் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிட்டார். சட்டப்படி முப்பது நாள் பலகை தொங்க வேண்டும். தொங்கியது. இருபத்தொன்பதாம் நாள்வரை ஒரு குரலும் எழவில்லை.

அன்று காலை கோப்பின் மூன்று பிரதிகளைத் தைத்துக் கட்ட அதே பைண்டிங் கடைக்குப் போனார். கடைக்காரர் சக்கர நாற்காலியில் இருப்பவர்; ஊசியும் நூலும் பசையும் இடுப்புயரப் பலகையில் கைக்கெட்டும்படி வைத்திருந்தார். மேலட்டையைப் படித்துவிட்டு, “எதிர்மனையா? கட்டப் போறாங்களா?” என்றார்.

“ஏண்ணே, ஒரு மாசமா உங்க கண்ணு முன்னாடிதானே பலகை தொங்குது?”

“தொங்குறது தெரியும்மா. என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. வெயில் பட்டு வெள்ளையாத்தான் தெரியுது.”

கோப்பக்கா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். ஆறடி உயரத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், பலகை பளபளவென்று மின்னியது. ஓர் எழுத்தும் தெரியவில்லை.

“கட்டட்டும், நல்ல காரியம்தான்” என்றார் கடைக்காரர், நூலை மெழுகில் இழுத்தபடி. “மழைத் தண்ணியதான் எங்க விடுவாங்களோ. இந்தச் சந்துத் தண்ணி மொத்தமும் என் வாசல் வழியா வந்து அந்த மனைக்குள்ளதான் இறங்கும். அது வாங்கிக்கலைன்னா என் கடைதான் வாங்கிக்கணும்.”

கோப்பில் மனையை இரண்டடி மண் கொட்டி உயர்த்துவதாக எழுதியிருந்தது. உள்ளே ஊற்றிய வாளித் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தவர், வெளியிலிருந்து வருகிற தண்ணீரைப் பற்றி இந்த ஒரு வாசலில் கேட்காமல் விட்டிருந்தார். கடைக்குள் தரையிலிருந்து அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளைப் பார்த்தார்.

அலுவலரிடம் போய்க் கோப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், முப்பது நாளை முதலிலிருந்து தொடங்குங்கள் என்றார். அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். “நாளையோட முடியுது. யாரும் எதுவும் கேக்கலையே அக்கா. ஆறடி உயரம்னுதான் விதி, ஆறடியிலதான் தொங்குச்சு. எடுத்துக்கிட்டா ‘திருப்பப்பட்டது’ன்னு உங்க பேர்ல பதிவாகும்.”

“ஆகட்டும் தம்பி.”

பதிவேட்டைத் தாமே அவர் பக்கம் நகர்த்தினார்.

மருத்துவச்சியிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. “வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்கிறீங்களேக்கா” என்றார் அந்தம்மா. அழவில்லை, பிரசவம் பார்த்துப் பார்த்து இறுகிய முகம். மறுபடி முப்பது நாள் போனால் மழைக்கு மிஞ்சுவது பதினோரு நாள். அஸ்திவாரத்துக்கு எட்டு நாள் வேண்டும். “தப்பு என்னோடது. நீங்க திட்டலாம்” என்றார் கோப்பக்கா. அந்தம்மா திட்டினார். கோப்பக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

அந்த முப்பது நாளும் அவர் சும்மா இருக்கவில்லை. முதலில் பலகையை மூன்றடிக்கு இறக்கி, உறையைக் கழற்றி, பெரிய எழுத்தில் எழுதினார். பிறகு வரைபடக்காரரை உட்காரவைத்துக் கட்டடத்தை ஒன்பதடி பின்னுக்குத் தள்ளி, சந்துத் தண்ணீர் கடந்துபோக ஓரமாகத் திறந்த கால்வாய் போடவைத்தார். கட்டடம் பின்னால் போனதில், முன்வாசலில் படியே இல்லாத நீண்ட சரிவுப் பாதைக்கு இடம் கிடைத்தது. மருத்துவச்சி அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அதன்பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டார்.

கடைசி நாள் மதியம் கோப்பக்காவின் அறையில் மருத்துவச்சி இருந்தார். பைண்டிங் கடைக்காரரும் வந்து சேர்ந்தார், மடியில் ஒரு தாளோடு. அவரை எதிர்ப்பு மனு எழுதிவரச் சொன்னதே கோப்பக்காதான் என்று தெரிந்ததும் மருத்துவச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“வரைபடத்தையே மாத்தியாச்சே. இன்னும் எதுக்குக்கா எதிர்ப்பு?”

“வரைபடத்துல மட்டும் இருந்தா அது வெறும் கோடு. நாளைக்கு நீங்களோ உங்களுக்கு அப்புறம் வர்றவங்களோ கால்வாய மூடிட்டு வண்டி நிறுத்துவீங்க, கேட்க ஆளிருக்காது. எதிர்ப்பு வந்து, அதுக்கு நாம பதில் குடுத்தாத்தான் ஆணையில நிபந்தனையா ஏறும். அப்புறம் யாராலயும் மூட முடியாது. பதிலோட கொண்டுவந்தா சாயங்காலமே கையெழுத்துப் போடறேன்னு அலுவலர் சொல்லியாச்சு.”

மருத்துவச்சி தன் நாற்காலியை நகர்த்திக் கடைக்காரருக்கு இடம் விட்டார்.

கடைக்காரர்தான் நெளிந்தார். “பிள்ளை பொறக்கற எடத்துக்கு எதிரா எழுதறதுக்குக் கை வரலம்மா.” தாளில் நாலே வரி. மழைக்காலத்தில் தமக்குச் சிறிது சிரமம் ஏற்படக்கூடும் என்றும், மற்றபடி ஆட்சேபம் ஒன்றுமில்லை என்றும் எழுதியிருந்தார். கோப்பக்கா இரண்டு முறை படித்தார். கடைசி வரியை அடித்தார்.

“சிறிது சிரமமா? போன மழையில எத்தனை கட்டு நனைஞ்சுது?”

“பதினாலு.”

“எழுதுங்க.”

எழுதினார்.

“பின்சுவர் ஊறி வெடிச்சிருக்கே, அது எங்க?”

“அது பழைய வெடிப்பும்மா. அதைப் போயி...”

கோப்பக்கா தாளை அவர் பக்கம் நன்றாகத் திருப்பி வைத்தார். மின்விசிறிக் காற்றில் அதன் மூலை எழும்பியது. அந்த மூலையை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடைக்காரர் பின்சுவரையும் எழுதி முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.